கீழ் இடது மூலை

நூலகத்தில் எனக்குப் பின் தமிழ்ப் பிரிவைப் பொறுப்பேற்ற அனோஜா சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள். இணையத்தளத்தை முழுவதுமாக மாற்றுகிறார்களாம். பழைய பட்டியலில் உள்ள ஒவ்வொரு புத்தகமும் அதன் அட்டைப்படத்தோடு புதிய தளத்துக்குப் போகிறதாம்.

"தமிழ் புக்ஸ் முழுக்கக் கவர் இமேஜோட இருக்குது எண்டால் அது உங்களாலதான் அங்கிள். மற்ற லாங்குவேஜ் ஆக்களுக்கு எங்களில பொறாமை. ஸ்டாஃப் நியூஸ்லெட்டருக்கு ஒரு ஆர்ட்டிக்கிள் எழுதித் தாங்கோ. எப்பிடி ஸ்டார்ட் பண்ணினீங்கள், என்ன கஷ்டம் வந்தது, அப்பிடி. ரெண்டு பேஜ் காணும்."

எழுதுகிறேன் என்றேன். ஆங்கிலத்தில் எழுதவேண்டிய கட்டுரை அது. மூன்று நாள் முயன்று பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். எழுத எழுத ஒரு மனிதன் தன் கழுத்தில் தானே மாலை போடுவதுபோல இருந்தது. ஆகவே இதைத் தமிழில், இந்தச் சஞ்சிகைக்கு எழுதுகிறேன். ஸ்காபரோவில் நடக்கும் வெளியீட்டு விழாக்களில் என்னை முன்வரிசையில் இருத்தி, "எங்கள் நூல்களுக்குக் கனடாவில் முகம் கொடுத்தவர்" என்று மேடையிலிருந்து சொன்னவர்கள்தான் இதை வாசிப்பவர்கள். அவர்களுக்குத் தெரியவேண்டும்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரில் பட்டம் பெற்று ஒரு கல்லூரியில் நான்கு வருடம் வரலாறு படிப்பித்தவன் நான். அகதியாக வந்து, பார்க்டேலில் ஒரே அறையில் ஐந்து பேராக இருந்து, உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை கிடைத்தது. மாலை வகுப்பில் நூலகத் தொழில் படித்தேன். அடுக்கியவன் எட்டு வருடத்தில் பட்டியல் போடுகிறவனானேன். தமிழ் நூல்கள் என் மேசைக்கு வந்தன. ஓய்வுபெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

நூலகப் பட்டியல் இணையத்துக்குப் போனபோது ஆங்கிலப் புத்தகங்களின் அட்டைகள் தாமாகவே வந்து நின்றன. அவற்றை வழங்குவதற்கென்று ஒரு வணிக நிறுவனம் இருந்தது. புத்தகத்தின் சர்வதேச எண்ணைக் கொடுத்தால் படம் வரும். எங்கள் நூல்கள் அந்த நிறுவனத்திடம் இருக்கவில்லை. பலவற்றுக்கு அந்த எண்ணே இல்லை. தமிழில் ஒரு பெயரைத் தேடினால் பக்கம் முழுவதும் வரிசையாகச் சாம்பல் நிறப் பெட்டிகள். வழக்கமாக வரும் ஒரு வாசகர், ஓய்வுபெற்ற தபாலதிபர், என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டார்.

"என்ன அண்ணை, எங்கட எழுத்தாளர்மார் எல்லாருக்கும் ஒரே யூனிஃபோமோ?"

சிரித்தேன். உள்ளே சுட்டது.

என் மேலதிகாரி மிஸ் லாங்ஃபோர்ட். உயரமான, நரைத்த பெண்மணி. நின்றுகொண்டே வேலை செய்வார், குரலை உயர்த்தவே மாட்டார். நானே அட்டைகளை ஸ்கான் செய்து போடலாமா என்று அவரிடம் கேட்டேன். எதையும் மூன்று கேள்வியாகக் கேட்பது அவருடைய வழக்கம். யாருடையது? எதற்காக? எவ்வளவு?

"அட்டைப்படம் யாருடையது?"

"பதிப்பகத்துடையது" என்றேன்.

"அல்லது வரைந்தவருடையது" என்று பென்சிலால் எழுதிக்கொண்டார்.

கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தில் நியாயமான பயன்பாடு என்று ஒன்று உண்டு. ஆராய்ச்சி, சுயகல்வி, விமர்சனம் போன்ற சில நோக்கங்களுக்காக, உரிமையாளரிடம் கேட்காமலே ஒரு படைப்பை அளவோடு பயன்படுத்தலாம். எது அளவு என்று சட்டம் அங்குலக் கணக்கில் சொல்வதில்லை. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கோட்டைக் கீறிக்கொள்கிறது. மிஸ் லாங்ஃபோர்ட் சட்டத்தரணியுடன் பேசி, ஒரு பக்கத்தில் அந்தக் கோட்டைக் கீறித் தந்தார். படம் சிறியதாக இருக்கவேண்டும். புத்தகத்தின் பதிவோடு மட்டுமே நிற்கவேண்டும். விளம்பரத்துக்கோ சுவரொட்டிக்கோ எடுக்கக்கூடாது. வரைந்தவர் பெயர் தெரிந்தால் பதிவில் சேர்க்கவேண்டும். ஓரத்தை நேராக வெட்டலாம், ஆனால் படத்துக்குள்ளே எதையும் மாற்றக்கூடாது. யாராவது ஆட்சேபித்தால் முதலில் இறக்கிவிட்டுப் பிறகு பேசவேண்டும்.

"கடைசிக்கு முந்தியதைக் கவனியுங்கள்" என்றார். "பதிப்புரிமையை விற்கலாம். ஆனால் தன் படைப்போடு தன் பெயர் இருக்கவேண்டும், அதை யாரும் சிதைக்கக்கூடாது என்ற உரிமை வரைந்தவரோடேயே இருக்கும். அதை நாங்கள் தொடக்கூடாது."

புரிகிறது என்று தலையாட்டினேன். புரிந்துதான் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது வேலை நடந்த விதத்தைச் சொல்லவேண்டும். புத்தகம் முதலில் இன்னொரு பிரிவுக்குப் போகும். அங்கே பார்கோட் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, மொழி லேபிள் ஒட்டுவார்கள். மற்ற மொழிப் புத்தகங்களுக்கு அந்த லேபிள் முதுகில் ஒட்டப்படும். எங்கள் கவிதைத் தொகுப்புகள் அறுபது பக்கம், எழுபது பக்கம். லேபிள் ஒட்டுவதற்கு அவற்றுக்கு முதுகு கிடையாது. ஆகவே தமிழ்ப் புத்தகங்களுக்கு மட்டும் முன்னட்டையின் கீழ் இடது மூலையில் மஞ்சள் லேபிள் ஒட்டவேண்டும் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாட்டைச் சொன்னது நான்.

லேபிளோடுதான் புத்தகம் என்னிடம் வரும். ஸ்கான் செய்தால் ஒவ்வொரு படத்திலும் மூலையில் மஞ்சள் சதுரம். லேபிள் ஒட்டமுதல் புத்தகங்களை என்னிடம் அனுப்பும்படி கேட்டிருக்கலாம். கேட்டால் ஒவ்வொரு பெட்டியும் இரண்டு வாரம் தாமதமாகும். எனக்கு அவசரமாக இருந்தது. சாம்பல் பெட்டிகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. கணினியில் படத்தைத் திருத்தும் ஒரு கருவி இருந்தது. பக்கத்திலுள்ள நிறத்தைத் தொட்டெடுத்து மஞ்சள் சதுரத்தின்மேல் பூசினால், கடல் என்றால் கடல், பனை என்றால் பனை, மூலைவரை வளர்ந்துவிடும். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம். மிஸ் லாங்ஃபோர்டிடம் சொல்லவில்லை. லேபிள் எங்களுடையது, அட்டையின் பகுதி அல்ல, அதை அகற்றுவது மாற்றமாகாது என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

ஒரு நாள் ஒரு தொகுப்பில் லேபிள் சற்றுச் சாய்ந்து ஒட்டப்பட்டிருந்தது. அதன் வலது ஓரத்தில் இரண்டு எழுத்து வெளியே தெரிந்தது. கறுப்பு மையில், சிறிதாக. ஒரு கையெழுத்தின் வால். அரைப் பெயர் படத்தில் அழுக்குப்போல இருந்தது. அதையும் பூசி மறைத்தேன். அந்த வாரத்திலேயே இன்னொன்றில் அதே வாலைக் கண்டேன். யாருடையது என்று தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

தவமலரை எங்கள் வெளியீட்டு விழாக்களுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும், பெயர் தெரியாமலே தெரியும். மன்னார்ப் பக்கத்து ஆள். ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் வரிசையில் நின்று வேலை செய்தா. பின்னேரங்களில் புத்தகங்களுக்கு அட்டை கீறிக் கொடுத்தா. விழாக்களில் நூலாசிரியர், வெளியிடுபவர், முதல் பிரதி பெறுபவர், ஆய்வுரை, வாழ்த்துரை என்று மூன்று மணி நேரம் போகும். அட்டை கீறியவரின் பெயர் நன்றியுரையில் வரும். அப்போது சபை எழுந்து வடைக்கும் தேத்தண்ணிக்கும் போய்க்கொண்டிருக்கும். நானும் எழுந்து போனவர்களில் ஒருவன்.

அப்படி ஒரு வடை வரிசையில்தான் முதன்முதலில் என்னிடம் பேசினா.

"லைப்ரரி அண்ணை, உங்கட வெப்சைட்டில என்ர படங்கள் எல்லாம் கிடக்கு. நல்ல வடிவாக் கிடக்கு. என்ர கையெழுத்துக்குத்தான் ஏதோ வருத்தம்போல, ஒரு இடமும் காணேல்லை."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"லேபிள் ஒட்டுற இடம் அது. மற்றப் பக்கம் வைச்சிருக்கலாமே?"

"வைச்சனான் அண்ணை. முதல் புத்தகத்துக்கு வலப்பக்கம்தான் வைச்சனான். அச்சடிச்ச இடத்தில ஓரம் வெட்டேக்க கையெழுத்தையும் சேத்து வெட்டிப்போட்டாங்கள். அதுக்குப் பிறகுதான் இடப்பக்கம், கட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனனான். கத்திக்குத் தப்பி உங்களிட்ட வந்து மாட்டுப்பட்டுப் போனன்."

எல்லோரும் மீண்டும் சிரித்தார்கள். பேச்சு வடையோடு முடிந்தது. கட்டுரைகளில் என் பெயர் தவறாக அச்சாகியிருந்தால் ஆசிரியருக்கு அன்றே தொலைபேசி எடுக்கிறவன் நான். இதை வீட்டுக்கு வரமுதல் மறந்துவிட்டேன். படித்தவன், எழுதுகிறவன், பட்டியல் போடுகிறவன் என்று எனக்குள் ஒரு வரிசை இருந்தது. அட்டை கீறுகிறவருக்கு அந்த வரிசையில் நான் இடம் வைக்கவில்லை. நூலாசிரியருடைய தலைப்பெழுத்து ஒன்று பிழைத்தாலும் பதிவைத் திருத்துவேன். வரைந்தவர் பெயரைச் சேர்க்கப் பதிவில் ஒரு வரி இருந்தது. அதை ஒருநாளும் நிரப்பவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு வேலைநாளில் தவமலர் என் மேசைக்கு வந்தா. குளிர்கால மேலங்கியைக் கழற்றவில்லை. தொழிற்சாலை மூடப்படுகிறது என்றும், ஒரு சமூகக் கலை நிலையத்தில் முதியவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் சித்திரம் படிப்பிக்க ஆள் தேடுகிறார்கள் என்றும் சொன்னா. விண்ணப்பித்து, நேர்முகத்துக்கும் போய்வந்துவிட்டா.

"கீறிக் காட்டச் சொன்னவை. காட்டினனான். நல்லாப் பிடிச்சுக்கொண்டுது. பிறகு, வெளிவந்த வேலை என்ன இருக்குது எண்டு கேட்டவை. உங்கட வெப்சைட்டைத்தான் குடுத்தனான்."

"மூலப்படங்கள் இல்லையோ?"

"அச்சுக்குச் சென்னைக்குப் போன ஒரு படமாவது திரும்பி வந்ததோ அண்ணை? எனக்கெண்டு வைச்சிருந்த புத்தகங்கள் பேஸ்மென்டுக்குள்ள தண்ணி வந்தபோது ஊறிப் போச்சுது."

தெரிவுக்குழுவினர் இணையத்தில் பார்த்திருக்கிறார்கள். படங்களில் கையெழுத்து இல்லை. பதிவில் பெயர் இல்லை. ஒருவர் நூலகக் கிளைக்கே போய் நாலைந்து புத்தகங்களைப் புரட்டியிருக்கிறார். எங்கள் பதிப்புகள் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். விவரப் பக்கத்தில் அட்டை வடிவமைப்பு என்று போட்டு, எழுத்துக் கோத்த அச்சகம் தன் பெயரையே போட்டுக்கொள்ளும். இருபத்தைந்து முப்பது அட்டைகளைத் தன்னுடையவை என்று சொல்லும் ஒரு பெண்ணின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பொய் சொல்கிறா என்று அவர்கள் சொல்லவில்லை. நூலகத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்கிவரும்படி சொல்லியிருக்கிறார்கள்.

"ஒண்டுமில்லை அண்ணை. மூலையில கையெழுத்து இருந்தது, லேபிள் மறைச்சது, படத்தில நீங்கள் துடைச்சது. இந்த மூண்டையும் எழுதித் தந்தால் காணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமாம்."

"துடைச்சது எண்டு ஆர் சொன்னது?"

என்னை நேரே பார்த்தா. "நான் கீறின கடல் அண்ணை. அந்த மூலையில நான் அலை வைக்கேல்லை. கல்லு வைச்சனான்."

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த மாதத்தில் எனக்கு இருந்த பயத்தையும் சொல்லவேண்டும், அது சாக்கு ஆகாது என்றாலும். ஒரு ஆங்கிலப் புகைப்படக்காரர் தன் படத்தை வேறொரு பிரிவு விளம்பரத்துக்காக மாற்றிவிட்டது என்று முறையிட்டிருந்தார். மிஸ் லாங்ஃபோர்ட் எல்லோரையும் அழைத்து, ஒரு புள்ளியையாவது மாற்றியவர்கள் இப்போதே சொல்லுங்கள், சொன்னால் சேர்ந்து சரிசெய்வோம் என்று சொல்லியிருந்தார். நான் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் நூலகர்கள் மாநாடு ஒன்றில் எங்கள் தமிழ் அட்டைகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். அதற்காகக் கோட் ஒன்று தைக்கக் கொடுத்திருந்தேன்.

கடிதத்தை நான் எழுதினேன். மூன்று வசனம். "எமது தளத்திலுள்ள அட்டைப்படங்கள் நியாயமான பயன்பாட்டின் கீழ், நூல்களை அடையாளம் காட்டுவதற்காக மட்டும் காட்டப்படுகின்றன. அவற்றை வரைந்தவர் யார் என்பதை உறுதிப்படுத்தும் நிலையில் நூலகம் இல்லை. வரைந்தவர் பற்றிய விவரத்துக்கு அந்தந்த நூலின் பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்க்கவும்."

மூன்றாவது வசனம் யாரும் கேட்காதது. அந்தப் பக்கத்தில் அச்சகத்தின் பெயர்தான் இருக்கும் என்று தெரிந்துகொண்டே அதைச் சேர்த்தேன்.

வெளியே போகும் கடிதங்களில் மிஸ் லாங்ஃபோர்ட் கையெழுத்திடவேண்டும். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கக் கதிரையில் போய் அமர்வார். நாள் முழுவதும் அவர் அமர்வது அதற்காக மட்டும்தான். "இப்போது நான் இதைப் பெறுகிறவர்" என்று சொல்லிவிட்டு உரக்க வாசிப்பார். இதையும் அப்படியே வாசித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கடிதம் குளிராக இருக்கிறது. எல்லாம் உண்மையா?"

"ஒவ்வொரு சொல்லும்."

"அந்தப் படங்களில் நாம் கைவைத்தோமா?"

"லேபிள் தெரிந்த ஓரத்தை வெட்டினோம். வேறொன்றும் இல்லை."

ஓரத்தை வெட்டுவது அனுமதிக்கப்பட்டது. அவர் என்னை நம்பினார். பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். என் பொய்யின்கீழ் ஒரு நேர்மையான மனுஷியின் பெயர் போய் நின்றது.

மாநாட்டில் பேசினேன். கைதட்டினார்கள். திரையில் பெரிதாகக் காட்டிய ஆறு அட்டைகளில் நான்கு தவமலருடையவை.

பனி கரைந்தபின் ஒரு வெளியீட்டு விழாவில் தவமலரைக் கண்டேன். வழக்கம்போல வடை வரிசை. எனக்கு முன்னால் நின்றா. ஒதுங்கிப் போக நினைத்தேன், அதற்குள் திரும்பிவிட்டா.

"அண்ணை, உங்கட கடிதம் கிடைச்சது. நல்ல இங்கிலிஷ்."

"என்ன நடந்தது?"

"என்ன நடக்கும்? வாசிச்சிட்டு, தாங்ஸ் எண்டு எழும்பிக் கைகுடுத்தவை. ஆருடையதோ வேலையைத் தன்ரை எண்டு சொல்லி வந்தவ எண்டு முகத்தில எழுதிக் கிடந்தது. பரவாயில்லை. ஸ்ரோர் ஒண்டில வேலை கிடைச்சிருக்கு." தட்டை என்னிடம் நீட்டினா. "வடை எடுங்கோ, ஆறுது."

வாங்கினேன். அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் வீட்டிலிருந்து தலைமயிர் உலர்த்தும் கருவியைப் பையில் வைத்துக் கொண்டுபோனேன். மதிய இடைவேளையில் கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கடல் அட்டைக்குச் சூடு காட்டி லேபிளை மெதுவாக உரித்தேன். கீழே கறுப்புக் கல்லுகள் மூன்று. நடுக் கல்லின்மேல் 'தவம்' என்று சிறிய எழுத்து. மறைந்திருந்ததால் வெயில் படாமல், அட்டையின் மற்றப் பகுதியைவிடப் புதிதாக இருந்தது. அதைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே எழுந்து மிஸ் லாங்ஃபோர்டின் அறைக்குப் போயிருக்கலாம். இருபது அடிதான். கலை நிலையத்துக்குத் திருத்தக் கடிதம் ஒன்று போயிருக்கும். வேலையை இன்னும் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை என்று பிறகு அறிந்தேன்.

மேசை லாச்சியைத் திறந்து புது மஞ்சள் லேபிள் ஒன்றை எடுத்தேன். அதே மூலையில், இந்த முறை நேராக, ஒட்டினேன்.

இத்தனை வருடம் கழித்து, இவ்வளவையும் அனோஜாவிடம் முதலில் சொன்னேன். கட்டுரை எங்கே என்று கேட்டுக் காரில் வந்திருந்தாள். சமையலறையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெயிட் அங்கிள். யூ நியூ? தெரிஞ்சே செய்தனீங்களா?"

"ஓம்."

"நான் உங்களைப் பற்றி இன்டர்வியூவில சொல்லித்தான் இந்த வேலை எடுத்தனான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு அவளுடைய தொழில் குரல் வந்தது. "இப்ப இருக்கிற இமேஜ் எல்லாம் அப்பிடியே புது சைட்டுக்குப் போகும். நான் உள்ளுக்கிருந்து பேரைச் சேர்க்கலாம். ஆனா ஏன் சேர்த்தது எண்டு ஒண்டும் பதிவில நிக்காது. வெளியில இருந்து ஆராவது திருத்த ஃபோர்ம் நிரப்பினால் அது ஃபைல்ல கிடக்கும். நாளைக்கு அந்த அன்ரி ஒரு இடத்தில காட்டவும் ஏலும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனி ஃபோர்ம். யூ ஷுட் டு இட், நான் இல்லை."

பழைய பட்டியலைப் பார்த்து இருபத்தொன்பது புத்தகங்களின் பெயரை எழுதினேன். எழுதியதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் தவமலரின் அடுக்குமாடிக்குப் போனேன். பதினோராம் மாடி. கதவைத் திறந்து, யாரென்று அறிந்து, உள்ளே வரச் சொல்ல ஒரு கணம் எடுத்தா. தலை முழுக்க வெள்ளை. முழங்கால் வருத்தத்தால் கடை வேலையை விட்டு நாளாகிவிட்டது. நான் நின்றபடியே சொன்னேன்: அலையை நான் வைத்தேன், கடிதத்தை நான் எழுதினேன், மேலதிகாரியிடம் பொய் சொன்னேன், பிறகு லேபிளை உரித்துப் பார்த்தேன், திரும்ப ஒட்டினேன்.

திரும்ப ஒட்டியதைச் சொன்னபோதுதான் தவமலரின் முகம் மாறியது. மற்றதெல்லாம் அவவுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"இருங்கோ" என்றா. இருந்தேன். "மன்னிப்புக் கேக்க வந்தனீங்களோ, உந்தக் கையில இருக்கிற லிஸ்டைக் காட்ட வந்தனீங்களோ?"

"ரெண்டுக்கும்."

"லிஸ்டைத் தாங்கோ."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகப் போனா. அவ்வப்போது "ஓம், இது என்ர" என்றா. ஓரிடத்தில் சிரித்தா. "இந்தக் கவிஞர் அட்டையில தன்ர முகத்தைக் கீறச் சொல்லி நிண்டவர். கொக்கு ஒண்டு கீறிக் குடுத்தன். வித்தியாசம் கண்டுபிடிக்கேல்லை ஆள்." பிறகு பேனா கேட்டா. மூன்று பெயர்களைக் குறுக்கே வெட்டினா.

"உது நான் கீறினதில்லை. உதுவும் இல்லை. உது ரெக்ஸ்டேலில இருந்த ஒரு பெடியன்ர வேலை, என்னைப்போலத்தான் நிறம் வைப்பான். நான் கீறாததுக்கு என்ர பேரைப் போடாதேங்கோ."

நான் விட்டுவிட்ட ஒரு புத்தகத்தைக் கடைசியில் தன் கையால் எழுதிச் சேர்த்தா. எழுத்து அந்தக் கல்லின்மேல் கண்ட எழுத்துத்தான், கொஞ்சம் நடுங்கியது.

"மற்றது?" என்று கேட்டேன்.

"மற்றது என்ன?"

"மன்னிப்பு."

கண்ணாடியைக் கழற்றி மடித்தா. "எனக்கு அந்த வேலையில ஆசை இருந்தது அண்ணை. காசுக்காக மட்டுமில்லை. ஆரும் என்னை ரீச்சர் எண்டு கூப்பிட்டு நான் கேக்கேல்லை. இப்ப அந்த ஆசை இல்லை. அது போன பிறகு மன்னிச்சு என்ன, மன்னிக்காமல் விட்டு என்ன? முதல்ல இதைச் செய்யுங்கோ."

தேத்தண்ணி தரவில்லை. எங்கள் ஆட்களின் வீட்டில் தேத்தண்ணி இல்லாமல் எழுந்து வந்தது என் வாழ்வில் அதுதான் முதல் தடவை. அது நியாயம் என்று பட்டது.

மிஸ் லாங்ஃபோர்ட் ஓய்வுபெற்று மேற்குக்கரையில் மகளோடு இருக்கிறார். அவருக்கும் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. எழுதிய கடிதத்தை எதிர்க் கதிரையில் போயிருந்து உரக்க வாசித்துப் பார்த்தேன். இரண்டு தடவை கிழித்து எழுதவேண்டியிருந்தது.

நேற்றுக் காலை கணினியில் அந்தப் படிவத்தைத் திறந்தேன். நூலின் பெயர். திருத்தவேண்டியது என்ன. வரைந்தவர் பெயர்: தவமலர். இவை எளிது. அடுத்த பெட்டியில், இந்தத் தகவல் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தது. "தனிப்பட்ட முறையில் அறிவேன்" என்று முதலில் எழுதினேன். நல்ல இங்கிலிஷ்தான். அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்: "லேபிளின் கீழே வரைந்தவரின் கையெழுத்து இருக்கிறது. இந்த நூலகத்தில் வேலை செய்தபோது இணையப் படத்திலிருந்து அதை நான் அழித்தேன். கேட்டபோது மறைத்தேன்." கீழே என் முழுப்பெயரை எழுதினேன்.

ஒருமுறை எழுதியதை மற்றவற்றுக்கும் அப்படியே பிரதியெடுத்து ஒட்டியிருக்கலாம். செய்யவில்லை. இருபத்தேழு தடவையும் தட்டினேன். முடிந்தபோது மதியம் இரண்டு மணி. ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில் வந்தது: நூலைப் பரிசோதித்து உறுதிப்படுத்திய பின்னரே பதிவு திருத்தப்படும்.

அது சரியான நடைமுறை. என் காலத்தில் இருந்திருக்கவேண்டியது.